தோட்டத்தில் நிறுத்திய பழைய டிரெய்லர்: மூலை ஜாக்கி செய்யும் கேடு

காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான பயண டிரெய்லரைப் பழையதாக வாங்கிப் பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் நிறுத்தி, அதிலேயே குடியிருக்க முயலும் சிலர் அண்மையில் என்னை அழைத்துக் காட்டினார்கள். போன இடத்தில் எல்லாம், 11 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை நான்கு மூலைகளிலும் நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்த பிறகே வண்டியை அவிழ்க்க வேண்டும் என்பதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. மாட்டுவண்டி ஓட்டிய ஊருக்கு அது தெரியும்.

மூலை ஜாக்கியால் வண்டியைத் தூக்குவது

டயர் தரையைத் தொடாதபடி நான்கு மூலைகளிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்பதே எல்லோருடைய கணக்கும். மூலை ஜாக்கி, அதாவது வண்டியின் மூலைக்கு அடியில் திருகி நிறுத்தும் கால், ஆட்டத்தை அடக்குவதற்கு மட்டுமே உரியது. எடை முழுவதும் பட்டை ஸ்பிரிங் வழியாக அச்சில் இறங்கும்படிதான் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு அறைந்த பழைய வண்டியை மூலைகளில் ஏந்தினால் நடுப்பகுதி தொய்யும், ஒரு மூலை மட்டும் கூடுதலாக எழும்பினால் கூடே முறுக்கிக்கொள்ளும்.

என் வண்டி நின்றது கரிசல் மண்ணில். ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீர் முழுவதும் ஜாக்கி நின்ற இடங்களிலேயே வடிந்தது. வண்டிக்கு அடியில் இருந்த மண் காய்ந்தபடியே கிடக்க, விளிம்பு மண் மட்டும் ஊறி உப்பி, வடமேற்கு மூலையை மேலே தள்ளிவிட்டது. கதவு சாத்த மறுத்தது. நானோ ஜாக்கியைப் பார்க்காமல், ஆசாரியை வரவழைத்துக் கதவின் விளிம்பை இழைக்கச் சொன்னேன். மாசியில் மண் காய்ந்து சுருங்கியபோது மூலை இறங்கியது, இழைத்த கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி புகும் இடைவெளி விழுந்தது. அதற்குள் கூரைத் தகட்டின் இணைப்பு பிரிந்து, தண்ணீர் இறங்கி, உட்புறத்துப் பிளைவுட் நனைந்த அப்பளம் போல ஆகியிருந்தது. அந்த ஆண்டுத் தேங்காய்ப் பணம் முழுவதும் கூரைக்கே போயிற்று. இன்றைக்கும் யாராவது கதவு பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு இழைப்புளியைத் தேடினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது நான் செய்வது இது. வண்டி நிற்கும் இடத்தையும் அதைச் சுற்றி 3 அடியையும் 2 அடி ஆழத்துக்குத் தோண்டிக் கரிசலை அகற்றி, கிராவல் நிரப்பித் திமிசுக் கட்டையால் இடிக்கிறேன். மண்ணின் அசைவு முற்றிலும் நிற்காது, ஆனால் வெகுவாகக் குறையும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியில் பலகை கொடுத்து, ரசமட்டம் வைத்து முதலில் பக்கவாட்டு மட்டம் பார்க்க வேண்டும். காரிலிருந்து அவிழ்த்த பின்னர், வண்டியின் முன்முனையை ஏற்றி இறக்கும் முன்மூக்கு ஜாக்கியால் நீளவாட்டு மட்டம். மூலை ஜாக்கிகளைக் கடைசியாக, பலகைக்கல்லின் மேல், சேசிஸைத் தொட்ட பிறகு ஒரு சிறு திருகு மட்டும் இறுக்கினால் போதும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டியின் டயருக்கு ஓய்வு தர விரும்பினால், ஸ்பிரிங் மாட்டிய இடத்தை ஒட்டி, அச்சுக்கு அருகில் கனமான ஸ்டாண்டு கொடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள்.

வண்டிக்கு முட்டாக ஹாலோ பிளாக்கை அடுக்குவது

துளைகள் பக்கவாட்டில் பார்க்கும்படி கிடத்திய ஹாலோ பிளாக் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். மரக்கட்டை என்றால் கரையான் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

ஆடிக் காற்றுக்கு விலாவைக் காட்டுவது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், வண்டியின் குறுகிய முகத்தை மேற்குப் பக்கம் நிறுத்துவதே சரி. காலி டிரெய்லர் தன் அளவுக்கு மிக இலேசானது. சேசிஸை நான்கு இடங்களில் புதைத்த கொக்கிகளோடு சங்கிலியால் பிணைத்துவிடுங்கள். ஜாக்கியின் காலில் சங்கிலியைக் கட்டியிருந்த ஒரு தோட்டத்தையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் நானே அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

அடிப்பக்கத்தை முழுவதும் அடைப்பது

காற்றோட்டத்துக்கு வழி இல்லையென்றால் தரைப்பலகை உளுத்துப்போகும்.

தென்னைக்குக் கீழே நிறுத்துவது

கூடாது.