கைவலி ஆபத்தைக் கணக்கிடும்போது பனியன் கம்பெனிகளில் நடக்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆபத்துகளை மதிப்பிடச் சொன்னால் ஊசி, பெல்ட், மின்சாரம், தீ என்று பட்டியல் நீளும். சரி, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நாள் முழுக்கப் பிசிறு வெட்டும் பெண்ணின் மணிக்கட்டு அந்தப் பட்டியலில் இருக்காது. ரத்தம் வராத காயம், மாதக்கணக்கில் மெதுவாக ஏறும், கண்டுகொள்ளும்போது கட்டைவிரலில் பிடிமானம் குறைந்திருக்கும்.

மதிப்பிட முன்வருகிறவர்களும் முதலில் சறுக்குவது புகார் நோட்டில்தான். யாரும் எழுதவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர், கை வலிக்கிறது என்றால் வருமானம் போகும் என்று தெரிந்தும் எழுதிவைப்பாரா? சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றுதான் வரும். தனியாக, பெயர் எழுதாமல் கேளுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள்: ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறதா, உதறினால் சரியாகிறதா, ஈரத்துணியைப் பிழிய முடிகிறதா, டம்ளர் நழுவுகிறதா? சுண்டுவிரல் நன்றாக இருக்க, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறதோ என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்தது, ஒரு போட்டோ எடுத்து மதிப்பெண் போடுவது. வேலை செய்யும்போது கழுத்து, கை, மணிக்கட்டு எப்படி வளைந்திருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடும் ரூலா (RULA) முறை, 1993இல் மெக்காட்டம்னி, கார்லெட் என்ற இருவர் வெளியிட்டது, நல்ல கருவிதான், ஆனால் அது முக்கியமாக ஒரு நேரத்தில் உடல் இருக்கும் நிலையைப் பார்ப்பது. காலை ஒன்பது மணிக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரை எடுத்த படத்துக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே கழுத்தைக் குனிந்திருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கையில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். ஒரு பீஸ் முடிய 30 நொடிக்குக் குறைவாக ஆனாலோ, அந்த நேரத்தில் பாதிக்கு மேல் ஒரே அசைவாக இருந்தாலோ அதை மிக அதிகமாகத் திரும்பச் செய்யும் வேலை என்று வகைப்படுத்துவது பழைய வழக்கம். பீஸுக்கு 12 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 300 பீஸ், எட்டு மணி நேரத்துக்கு 2,400. ஒவ்வொன்றிலும் ஆறு இடத்தில் நூல் வெட்டினால் டிரிம்மரை, அதாவது நூல் வெட்டும் சின்னக் கத்தரியை, 14,400 முறை அழுத்துகிறார். இத்தனைக்கும் அது எட்டு மணி நேரக் கணக்கு. ஒன்றரை ஷிப்ட் ஓடும் கம்பெனியில் அதே எட்டு மணி நேரத்தைத் தாளில் எழுதினால் மதிப்பீடே பொய்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து அழுத்தத்தை விட்டுவிடுவதும் உண்டு. மழுங்கிய டிரிம்மருக்கும் கூரானதற்கும் விரல் கொடுக்கும் பலம் ஒன்றல்ல. தடித்த துணிக்கட்டுகளை விரல் நுனிகளால் கிள்ளிப் பிடித்துத் தூக்குவது, உள்ளங்கையோடு சேர்த்துப் பிடிப்பதைவிடத் தசைநாண்களை அதிகம் வாட்டும். இதை டெய்லரிடமே கேட்டால் எந்த மெஷின், எந்த ஸ்டைல் என்று சொல்லிவிடுவார்.

ஆளை மாற்றி மாற்றிப் போடுகிறோமே என்பார்கள். பிசிறு வெட்டும் டிரிம்மிங்கிலிருந்து செக்கிங், அங்கிருந்து கையால் துணி மடித்தல். மூன்றிலும் உழைப்பது அதே விரல்கள், அதே மணிக்கட்டு, ஓய்வு எங்கே கிடைத்தது?

வீட்டு வேலைதான் காரணம் என்று பெண்கள் தலையில் கட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. வீட்டில் பாத்திரம் தேய்ப்பதால் கம்பெனியில் 14,400 முறை அழுத்தியது இல்லாமல் போகாது. ஏற்கெனவே களைத்த கை என்பதால் ஓய்வு கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

முடிவில் தைலமும் மணிக்கட்டு பெல்ட்டும் வாங்கிக் கொடுத்து ஃபைலை மூடிவிடாதீர்கள். டிரிம்மரைத் தீட்டுங்கள், மேஜை உயரத்தையும் ஸ்டூலையும் ஆளுக்கேற்ப மாற்றுங்கள், சின்னச் சின்ன இடைவேளை கொடுங்கள். அப்புறம் புது ஆர்டர், புது ஸ்டைல் வரும்போது மறுபடியும் அளந்து பாருங்கள், டார்கெட் ஏற்றும் அன்றைக்குக் கட்டாயம்.