கராச்சாய்-பல்கார் மொழி: உருபு ஒட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

எல்ப்ரஸ் மலையின் அடிவாரத்தில், ரஷ்யாவின் வடகாகசஸ் பகுதியில் பேசப்படும் துருக்கிக் குடும்பத்து மொழி இது. சொல்லின் பின்னால் உருபுகளை ஒட்டிக்கொண்டே போவதால் தமிழருக்கு ஆரம்பத்தில் எளிதாகத்தான் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் தவறும் வரும்.

அப்பாவுக்கு அங்கே 'அத்தா' என்று பெயர், நம் ஊரில் பல முஸ்லிம் வீடுகளில் கூப்பிடுவது போலவே. 'அப்பாவுக்கு' என்றால் 'அத்தகா'. சரி, 'என் அப்பா' என்பது 'அத்தம்' ஆயிற்றே, அதோடு அதே 'கா'வை ஒட்டி 'அத்தம்கா' என்று எழுதிவிடுகிறோம். தவறு. 'என்', 'உன்', 'அவன்' என்று ஒருவருக்கு உரியதைக் காட்டும் உடைமை விகுதி (இங்கே 'ம்') வந்துவிட்டால் 'கா' போய்விடும். 'அத்தமா' என்பதே சரி.

படர்க்கையில் இன்னும் கவனம் வேண்டும். 'அவன் அப்பா' என்பது 'அத்தசு' (கடைசி எழுத்தை நம் குற்றியலுகரம் போல உச்சரித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்). இதன் பிறகு எந்த உருபு வந்தாலும் நடுவில் ஒரு 'ன்' எட்டிப் பார்க்கும்: அவன் அப்பாவுக்கு 'அத்தசுனா', அவன் அப்பாவிடம் 'அத்தசுன்தா'. மரம், இல் இரண்டும் சேரும்போது 'மரத்தில்' என்று நடுவே ஒரு சாரியையைப் போடுகிறோமே, அந்தப் பழக்கத்தோடு சேர்த்து நினைத்துக்கொண்டால் 'ன்' மறக்காது.

அடுத்தது, 'அப்பாவை'க்கும் 'அப்பாவின்'னுக்கும் தனித்தனி உருபு தேடி நேரத்தை வீணாக்குவது. இரண்டுமே 'அத்தனு'தான். பின்னால் வினை வந்தால் 'ஐ', உடைமை விகுதியோடு பெயர் வந்தால் 'இன்': 'அத்தனு கொர்தும்' என்றால் அப்பாவைப் பார்த்தேன், 'அத்தனு அத்து' என்றால் அப்பாவின் பெயர். அந்தக் கடைசி உகரத்தை விட்டுவிட்டு வெறும் 'அத்' என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், தமிழில் பெயரோடு உடைமை விகுதி சேர்க்கும் வழக்கமே இல்லாததால் வரும் பிழை இது. ஆனால் 'அவன் அப்பா' என்று வரும்போது இரண்டும் பிரிந்துவிடும்: அவன் அப்பாவை 'அத்தசுன்', அவன் அப்பாவின் 'அத்தசுனு'.

அப்புறம் பன்மை. துருக்கி மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் கை பழகி 'லர்' போடுவார்கள். இங்கே 'அத்தலா' மட்டும்தான், 'ர்' கிடையாது. உடைமை விகுதி சேர்ந்ததும் விட்டுப்போன அந்த 'ர்' திரும்ப வந்துவிடும்: 'அத்தலரும்', என் தந்தையர்.