அரிசோனாவுக்குக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கிராண்ட் கேன்யன் கூட்டிப்போவது ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. சிக்கல் என்னவென்றால், அவர்கள் வருவது பெரும்பாலும் மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில். பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். மாநிலத்தின் பாதி கொதிக்கிற மாதங்கள் அவை. எச்சரித்தால், “வேலூர்க்காரனுக்கே வெயிலைப் பற்றிச் சொல்கிறாயா?” என்று பதில் வரும்.

வேலூர் வெயில் வேறு, ஃபீனிக்ஸ் வெயில் வேறு. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் குறையவில்லை. அதைவிட ஏமாற்றுவது காற்றின் வறட்சி. நம் ஊரில் சட்டை நனைந்து ஒட்டும்போதே உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று தெரிந்துவிடும். இங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருப்பதால் பெரியவர்கள் “வேர்க்கவே இல்லையே, பரவாயில்லையே” என்பார்கள். அந்த நேரத்தில் உடம்பு வேகமாக வறண்டுகொண்டிருக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது முதல் தவறு.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர். பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவது. உப்பே சேராமல் லிட்டர் கணக்கில் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றல், வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருப்பதால், இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள். தண்ணீரோடு உப்புள்ள நொறுக்குத்தீனியும் சாப்பிடுங்கள் என்று கிராண்ட் கேன்யன் ரேஞ்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். முறுக்கு, காராசேவு, உப்புப் போட்ட மோர், புளியோதரை என்று மூட்டை கட்டும் நம் ஆட்களின் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் சரியாகப் பொருந்துகிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மைலைப் பார்க்கிறோம், உயரத்தைப் பார்ப்பதில்லை

பயணத் திட்டங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, ‘பாலைவன மாநிலம்’ என்று கேட்டதும் எல்லா இடமும் ஒரே வெயில் என்று முடிவு கட்டுவது. ஃபீனிக்ஸ் இருப்பது சுமார் 1,100 அடி உயரத்தில். டூசான் 2,400 அடி, செடோனா 4,300 அடிக்கு மேல், ஃபிளாக்ஸ்டாஃபும் கிராண்ட் கேன்யனின் சவுத் ரிம்மும் (தெற்கு விளிம்பு) ஏறக்குறைய 7,000 அடி. ஆயிரம் அடி ஏறினால் தோராயமாக இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும். ஜூலை மதியம் ஃபீனிக்ஸில் 41 டிகிரி என்றால், சவுத் ரிம்மில் 29, 30 இருக்கும். ஸ்வெட்டர் தேவைப்படாது, ஆனால் தாத்தா பாட்டி நிம்மதியாக நடக்கலாம்.

இதே கணக்கு குளிர்காலத்தில் திருப்பி அடிக்கும். டிசம்பரில் ஃபீனிக்ஸில் டி-ஷர்ட்டோடு காரில் ஏறி, மூன்றரை மணி நேரத்தில் பனியில் இறங்கி நடுங்குகிறவர்களைச் சவுத் ரிம்மில் தினமும் பார்க்கலாம். ஜனவரி இரவில் அங்கே உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். டிரெய்லில், அதாவது மலை நடைபாதையில், பனி இறுகிக் கண்ணாடி மாதிரி வழுக்கும். பாலைவனத்துக்குத்தானே போகிறோம் என்று குழந்தைகளின் ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.

ஆகவே என் கணக்கு இதுதான்: கோடையில் மேலே ஏறுங்கள், குளிர்காலத்தில் கீழே சுற்றுங்கள். ஜூன், ஜூலையில் வந்த விருந்தாளிகளைச் சுவாரோ கள்ளிக்காட்டில் நடத்துவதைவிட, டூசானிலிருந்து மவுண்ட் லெமன் மலைப்பாதையில் கூட்டிப்போகலாம். அடிவாரத்தில் கள்ளிமரங்களாக நிற்கும். ஒரு மணி நேரத்தில் 9,000 அடியை நெருங்கும்போது ஊசியிலைக் காடு வந்துவிடும். காரைவிட்டு இறங்காமலே காற்று மாறுவது தெரியும். டூசானுக்குத் தென்கிழக்கே இருக்கும் கார்ச்னர் சுண்ணாம்புக் குகையும் கோடைக்கு ஏற்றது. பூமிக்கு அடியில் இருப்பதால் வெளியில் என்ன வெயில் அடித்தாலும் உள்ளே மாறாது. முன்பதிவு செய்யாமல் போவதுதான் அங்கே எல்லோரும் செய்யும் தவறு. பை, கேமரா எதையும் உள்ளே விட மாட்டார்கள்.

உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 7,000 அடியில் காற்று லேசாகிவிடும். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ள பெரியவர்களை, போய் இறங்கிய உடனே நடக்க வைக்காதீர்கள்.

கிராண்ட் கேன்யனில்

முதலில் எந்த கிராண்ட் கேன்யன் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். படங்களில் பார்க்கும் அகண்ட காட்சி பெரும்பாலும் சவுத் ரிம். தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு அங்கே செல்லும். கண்ணாடிப் பாலம் இருக்கும் வெஸ்ட் ரிம், ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். அதற்குத் தனிக் கட்டணம், தேசியப் பூங்கா பாஸ் செல்லாது. 2007-ல் திறந்த அந்த ஸ்கைவாக் பாலத்தில் சொந்த செல்போனைக் கொண்டுபோக விடுகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லாஸ் வேகஸிலிருந்து போகிறவர்களுக்கு வெஸ்ட் ரிம்தான் பக்கம். ஃபீனிக்ஸிலிருந்து போகிறவர்கள் அதைத் தேடிப்போவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. நார்த் ரிம் வரைபடத்தில் எதிரிலேயே தெரியும், பறவைக்குப் பதினாறு கிலோமீட்டர்தான். காரில் சுற்றிப்போனால் 340 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ‘இதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்’ என்று கிளம்பாதீர்கள்.

சவுத் ரிம்மில் பெரிய தவறு, கொஞ்சம் இறங்கித்தான் பார்ப்போமே என்று தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் போவது. பழனி மலை ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனில் தலைகீழ். இறங்கும்போது களைப்பே தெரியாது. குழந்தைகள் குதித்துக்கொண்டு ஓடுவார்கள். களைப்பு தெரிகிற இடத்தில் நிற்கும்போது, ஏறவேண்டிய மலை முழுவதும் தலைக்கு மேலே நிற்கும். இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். கீழே போகப் போக வெப்பமும் ஏறும். விளிம்பில் இதமாக இருக்கிற அதே மதியம், அடியில் ஆற்றங்கரையில் ஃபீனிக்ஸ் வெயில் அடிக்கும்.

குழந்தைகளுக்குக் கேன்யனுக்குள் இறங்கிய திருப்தி வேண்டுமென்றால், பிரைட் ஏஞ்சல் டிரெய்லில் கால் மைலுக்குள் பாறையைக் குடைந்த ஒரு சுரங்க வழி வரும். அதைத் தாண்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். சவுத் கைபாப் டிரெய்லில் ஊ-ஆ பாயிண்ட் வரை முக்கால் மைலுக்குச் சற்று அதிகம். காட்சி அபாரம், ஆனால் அந்த வழியில் தண்ணீரே கிடையாது. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு வரை உள்ளே நடக்கவே கூடாது. தாத்தா பாட்டிக்கு விளிம்போடு போகும் ரிம் டிரெய்லும் இலவச ஷட்டில் பஸ்ஸும் தாராளம்.

காலை பதினொரு மணிக்குத் தெற்கு வாசலுக்குப் போய் கார் வரிசையில் நிற்பதும் தேவையில்லாத வேலை. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து கேமரூன் வழியாகக் கொஞ்சம் சுற்றி, கிழக்கே டெசர்ட் வியூ வாசலில் நுழையுங்கள். அங்கே வரிசை குறைவு. 1932-ல் கட்டிய கல் கோபுரமும், கொலராடோ ஆறு வளைந்து வருவதும் முதலிலேயே பார்க்கக் கிடைக்கும். அப்புறம், அணில். அழகாக முன்னங்காலைத் தூக்கி நிற்கும், பிள்ளைகள் பிஸ்கட்டை நீட்டுவார்கள், அது விரலைக் கடிக்கும். பூங்காவில் அடிக்கடி நடக்கும் காயங்களில் இதுவும் ஒன்று. தீனி போடுவது சட்டப்படியும் குற்றம்.

விளிம்பு முழுவதும் கம்பித் தடுப்பு இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில காட்சி மேடைகளில் மட்டும்தான் உண்டு. பேஜ் ஊரில் கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டிலும் அப்படியே.

ஊருக்குள் வெயில்

ஃபீனிக்ஸில் தங்கும் விருந்தாளிகள் ஹோட்டல் ஜன்னலில் கேமல்பேக் மலையைப் பார்த்துவிட்டு, ‘பக்கத்தில்தானே’ என்று மதியம் கிளம்புவார்கள். தூரம் சின்னதுதான். செங்குத்தோ 1,200 அடிக்கு மேல், சில இடங்களில் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும், நிழல் கிடையாது. அதிவெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் மாலை ஐந்து மணி வரை நகர நிர்வாகமே அந்த டிரெய்ல்களை மூடிவிடுகிறது. குடும்பத்தோடு போக பபாகோ பார்க்கில் பாறையில் ஓட்டை விழுந்த சின்னக் குன்று போதும்; பத்து நிமிட ஏற்றம், சூரிய உதயத்துக்கு அருமை. இறங்கினால் பக்கத்திலேயே பாலைவனத் தாவரவியல் தோட்டம்.

காரை வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால், குழந்தை சீட்டின் உலோகக் கொக்கியை முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். தோலைச் சுடும் அளவு சூடாகியிருக்கும். இறங்கும்போதே ஒரு துண்டை அதன்மேல் போட்டுவிட்டால் போதும். தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிப்போய் நீச்சல்குளத்தில் குதிப்பதும் வேண்டாம்.

மழையும் புழுதியும்

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறது என்பதை வைத்துக் குறுகிய பள்ளத்தாக்குகளில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் ஊருக்குப் பக்கத்திலுள்ள கீழ் ஆண்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. இப்போது நவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது. மழை அறிகுறி பார்த்து அவர்கள் பயணத்தை ரத்து செய்தால் வாதம் செய்யாதீர்கள். கீழ் கேன்யனில் செங்குத்தான இரும்புப் படிகள் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஆகாது.

வெள்ளம் ஓடும் சாலையில் தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்க மாநிலத்தில் சட்டம் இருக்கிறது.

புழுதிப்புயல் வந்தால் நமக்கு முதலில் தோன்றுவது ஹசார்ட் விளக்கைப் போடுவது. அதுதான் தவறு. சாலையைவிட்டு முடிந்த அளவு ஓரமாக விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் கண் தெரியாமல் வருகிறவர், உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று நேராக வந்து மோதுவார். ஃபீனிக்ஸ்–டூசான் நெடுஞ்சாலையில் இது நினைவில் இருக்கட்டும்.

கடிகாரம், முள், பாஸ்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களைப் போல அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை, ஆனால் நவஹோ நிலத்தில் தள்ளுவார்கள். பேஜிலிருந்து நவஹோ நிலத்திலுள்ள மானுமெண்ட் வேலிக்குக் கோடையில் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். செல்போனும் நடுவழியில் தானாக மாறி மாறிக் காட்டும். டிக்கெட்டில் எந்த நேரம் போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோயா (cholla) என்ற கள்ளியின் முள்பந்து லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். ஒரு சாதாரணச் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் செருகி வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். நடக்கப் போகும் பையில் சீப்பு ஒன்று இருக்கட்டும்.

மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரப் பூங்காவில் (Petrified Forest) சின்னத் துண்டுதானே என்று எதையும் பையில் போடக் கூடாது. எடுத்துப்போனவர்கள் பின்னாளில் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவதுண்டு. எங்கிருந்து எடுத்தது என்று தெரியாததால் அவற்றைப் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. தனியாக ஒரு குவியலில் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

தேசியப் பூங்கா பாஸ் வாங்கியவர்கள் அது எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிவிடுகிறார்கள். கிராண்ட் கேன்யன், சுவாரோ, கல்மரப் பூங்கா மூன்றிலும் செல்லும். மானுமெண்ட் வேலி நவஹோ மக்களுடையது. வின்ஸ்லோ பக்கம் இருக்கும் விண்கல் பள்ளம் தனியார் சொத்து. கார்ச்னர் குகையும், செடோனாவில் பிள்ளைகள் ஓடைப் பாறையில் வழுக்கி விளையாடும் ஸ்லைடு ராக்கும் மாநிலப் பூங்காக்கள். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும். ஸ்லைடு ராக்கில் கோடை வார இறுதியில் காலையிலேயே பார்க்கிங் நிரம்பிவிடும், வார நாளில் போவது உத்தமம்.