தூண் வைத்தால் போஸ்ட்மாடர்ன் ஆகிவிடுமா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது எலிவேஷனில் தூணும் ஓட்டுச் சாய்ப்பும் கேட்கிறார்கள். ‘போஸ்ட்மாடர்ன்’, அதாவது பின்நவீனத்துவம், என்று அதற்கு ஒரு பெயரும் சொல்கிறார்கள்.

முதல் தவறு அந்தப் பெயரில்தான். அக்கிரகாரத்து வீட்டின் மரத்தூண் தாழ்வாரத்தைத் தாங்க நிற்கிறது. அது நவீனத்துக்கு முந்தியது. பின்நவீனத்துவமோ அலங்காரத்தை ஒதுக்கிய நவீனக் கட்டடக்கலைக்குச் சொன்ன பதில். ‘குறைவே நிறைவு’ என்பது நவீனக் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வழி. ‘குறைவென்றால் அலுப்பு’ என்று 1966இல் மறுத்து எழுதினார் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ராபர்ட் வென்ச்சூரி. அவர் 1964இல் ஃபிலடெல்ஃபியாவில் தன் அம்மாவுக்குக் கட்டிய வீட்டின் முகப்பில் மெல்லிய வளைவுப் பட்டை ஒன்று உண்டு. அது எதையும் தாங்கவில்லை, தாங்குவதுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. இன்னொரு அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சார்லஸ் மூர் 1978இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒரு சதுக்கத்தில் ரோமானியத் தூண்களை எழுப்பியபோது சிலவற்றுக்கு எவர்சில்வரும் நியான் விளக்கும் போட்டார். யாரும் பழைய ரோம் என்று ஏமாற மாட்டார்கள்.

நம் ஊர் ஃபைபர் தூணோ தேக்கு நிறம் பூசிக்கொண்டு நிற்கிறது. விரலால் தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம். போன மாதம் பார்த்த வீட்டில் திண்ணை முக்கால் அடி அகலம், அதற்கும் வெளியே பூட்டிய கிரில். அந்த வீட்டுப் பெரியவர் பேப்பரோடு வந்து அதில் உட்கார்ந்து பார்த்தார். இடுப்பு நிற்கவில்லை, பிளாஸ்டிக் நாற்காலிக்கே போய்விட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டாவது தவறு, நவீனக் கட்டடக்கலையை வில்லனாக்குவது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நவீன பாணியில் கட்டிய புரூயிட்-ஐகோ குடியிருப்பை, 11 மாடி வீதம் 33 கட்டடங்கள், 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலை செத்தது அன்றுதான் என்று எழுதினார் கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜென்க்ஸ். ஆனால் பராமரிப்புக்குப் பணம் இல்லாததும் மக்கள் நகரை விட்டுப் போனதும் வரைபடத்தின் குற்றமா? 2018 கஜா புயலில் கீற்று வீட்டுக்காரர்கள் பலர் ஓடி ஒதுங்கியது கான்கிரீட் கூரைக்குக் கீழேதான்.

பழசிலிருந்து எடுப்பதானால் இந்தியக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா எடுத்ததைப் பாருங்கள். ஜெய்ப்பூரின் கலை மையமான ஜவஹர் கலா கேந்திராவில் அந்நகரின் ஒன்பது சதுர அமைப்பையே, அங்கே ஒரு சதுரம் இடம் மாறியிருப்பது உட்பட, தரைப்படமாக்கினார்.

சரி, திண்ணை வேண்டுமா? எலிவேஷன் படத்தைப் பார்க்கும் முன் அகலத்தைக் கேளுங்கள். காலை மடக்கி உட்கார இரண்டரை அடியாவது வேண்டும். கிரில்லைத் திண்ணைக்கு உள்பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.