கிருபை என்றால் ‘சும்மா கிடைத்தது’ என்று மட்டும் அர்த்தமா? பவுலை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருபை என்றதும் ‘இலவசம், திருப்பிச் செய்ய ஒன்றுமில்லை’ என்றே கேட்டுப் பழகிவிட்டோம். புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலன் பவுலின் கடிதங்களில் பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். அவர் எழுதிய கிரேக்கச் சொல் ‘காரிஸ்’. அன்றைய ஊர்வாழ்க்கையில், உதவி செய்வோருக்கும் பெறுவோருக்கும் நடுவில் தினமும் புழங்கிய சொல் அது. கொடுப்பவரின் தயவும் காரிஸ், கொடுத்த பொருளும் காரிஸ், பெற்றவர் காட்டும் நன்றியும் காரிஸ். 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பாருங்கள். 14-இல் ‘கிருபை’, 15-இல் ‘ஸ்தோத்திரம்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மூலத்தில் இரண்டும் ஒரே சொல். தேவனிடமிருந்து புறப்பட்ட காரிஸ் தேவனிடமே திரும்புகிறது.

பவுலின் காலத்திலேயே ரோமில் வாழ்ந்த தத்துவஞானி செனெக்கா, நன்மை செய்வதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். கைகோத்து வட்டமாக ஆடும் மூன்று சகோதரிகளை அதில் காட்டுகிறார். ஒருத்தி கொடுப்பவள், ஒருத்தி பெறுபவள், ஒருத்தி திருப்பிச் செய்பவள் என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று. கை விட்டுப்போனால் ஆட்டத்தின் அழகே போய்விடும். கொரிந்துவில் பவுலை விசாரணைக்கு நிறுத்தினார்களே, அந்த அதிபதி கல்லியோன் இதே செனெக்காவின் அண்ணன்.

அப்படியானால் பவுல் சொன்னதில் புதுமை எது? கைம்மாறே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ரோமர் 12-இல் சரீரத்தையே ஜீவபலியாகக் கேட்கிறார். அவர் உடைத்தது தகுதி என்ற கணக்கை. உதவுமுன் ‘இவன் தகுதியானவனா’ என்று ஆராய்வதே அன்றைய பெரியவர்களின் வழக்கம். நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து மரித்தார் என்று ரோமர் 5:8 சொன்னபோது, அது கேட்டவர்களைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

இதை வைத்து ரோமர்கள் எல்லாரும் லாபத்துக்காகவே கொடுத்தார்கள் என்று பேசுவது அடுத்த தவறு. கொடியவருக்கும் சூரியன் உதிக்கிறதே என்று செனெக்காவும் எழுதியிருக்கிறார். தீயோர்மேலும் நல்லோர்மேலும் தேவன் சூரியனை உதிக்கச் செய்கிறார் என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:45-ஐ அறிந்தவர்களுக்கு அந்த வரி சிலிர்ப்பூட்டும்.

இப்படி உதவி செய்த ரோமப் பெரியவர்களைக் குறிக்க நாம் எடுத்தாளும் ‘புரவலர்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நமக்கு அது பாணருக்கு வாரி வழங்கிய வள்ளல்களை நினைவூட்டும். ரோமப் புரவலரின் உறவு வேறு மாதிரி. அவரை அண்டி வாழ்ந்தவர்கள் விடியற்காலையில் அவர் வீட்டு முற்றத்தில் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற அடிமைகூடப் பழைய எஜமானுக்குச் சட்டப்படியே கடமைப்பட்டவன்.

ரோமர் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் பெபேயாள் என்ற பெண்ணை வெறும் உதவியாளராகக் கடந்துபோவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ரோமர் 16:2-இல் ‘ஆதரவாயிருந்தவள்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் ‘ப்ரொஸ்டாடிஸ்’ என்று இருக்கிறது. பலருக்கும் தனக்கும் புரவலராக நின்ற பெண் என்றே பவுல் அவரை அறிமுகப்படுத்துகிறார்.

பவுல் யாரிடமும் காசு வாங்கவில்லை என்பதும் சரியல்ல. பிலிப்பியரிடம் வாங்கினார், கொரிந்தியரிடம் மறுத்துக் கூடாரத் தொழில் செய்தார். வாங்கினால் பணக்கார வீடொன்றின் ஆளாகிவிடுவோம் என்ற எச்சரிக்கை அந்த மறுப்பில் இருந்தது என்று ஆய்வாளர் பலர் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

கடைசியாக, 1 கொரிந்தியர் 11-இல் வரும் பந்திச் சண்டை. ஒருவன் பசியோடிருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்வதை வெறும் பெருந்தீனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறோம். சில பத்தாண்டுகள் கழித்து ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில் ஒரு விருந்தை வர்ணிக்கிறார். திராட்சை மதுவில் மூன்று தரம்: வீட்டுக்காரருக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, தாழ்ந்த நண்பர்களுக்கு ஒன்று, விடுதலையான அடிமைகளுக்கு ஒன்று. பந்தியில் ஆளின் அந்தஸ்து பார்த்துப் பரிமாறுவது அங்கே நடந்த வழக்கம்தான். அந்தப் பழக்கம் கர்த்தருடைய பந்திக்குள்ளும் நுழைந்திருந்தது. பவுல் வைத்த தீர்வு எல்லாருக்கும் ஒன்றுதான்: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.