மூளைச் செல் என்று நினைத்து மாட்டுச் சீரத்தை அளக்காதீர்கள்

எச்.ஐ.வி. மூளைச் செல்களை என்ன செய்கிறது என்று புரதங்களை எடைபோட்டுப் பார்ப்பது என் வேலை. கோவையில் எங்கள் ஆய்வகத்துக்குக் கோபி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கையுறை போடு, ட்யூபில் பெயர் எழுது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நியூரானை மட்டும் பார்ப்பது

இந்த வைரஸ் நியூரானுக்குள் பெருகுவதில்லை. மூளையில் அதற்கு முக்கிய இருப்பிடம் மைக்ரோக்ளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள். அங்கிருந்து வெளிவரும் டாட், ஜிபி120 போன்ற வைரஸ் புரதங்களும் அழற்சிப் பொருள்களும்தான் நியூரானைக் கெடுக்கின்றன.

சீரத்தோடு மீடியத்தை எடுப்பது

போன மாதம் ஒரு மாணவி ஓடி வந்தாள். "மேடம், டாட் விட்ட செல்லுல ஆல்புமின் நல்லா ஏறியிருக்குதுங்க!" எனக்கு மனசே ஆறவில்லை. ஆல்புமின் கல்லீரல் செய்யும் புரதம். மைக்ரோக்ளியா தட்டில் அது ஏன் குவிகிறது?

செல்கள் வளர்வது கருக்கன்றின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 10 சதவீதம் கலந்த மீடியத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில். அதில் ஆல்புமின் உட்பட மாட்டுப் புரதம் மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. செல் வெளிவிடுவதோ நானோகிராம் கணக்கில். புரதங்களை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மிகுதியாக இருப்பதையே திரும்பத் திரும்பப் படிக்கும். அப்புறம், மென்பொருளுக்கு மனிதப் புரதப் பட்டியலை மட்டும் கொடுத்தால், மாட்டுக்கும் மனிதனுக்கும் பொதுவான பெப்டைடை (புரதத் துண்டை) மனிதக் கணக்கில் எழுதிவிடும். ஒரு தட்டை நன்றாகக் கழுவி, இன்னொன்றை அரைகுறையாகக் கழுவினால் அந்த வித்தியாசமே டாட்டின் விளைவாகத் தெரியும்.

இதில் எனக்கு ஒரு வருட உழைப்பு போனது. ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்குக் கொண்டுபோய், காசு கட்டி ஓட்டிய சாம்பிள்கள் அத்தனையும் வீண். முன்கூட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சீரமில்லாத வெதுவெதுப்பான மீடியத்தில் மூன்று முறை கழுவுங்கள். அதிலேயே ஒரு நாள் வைத்து எடுங்கள். ரொம்பப் பட்டினி போட்டால் செல் செத்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டும், செத்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச். என்ற நொதியை அளந்து பாருங்கள். தேடும் பட்டியலில் மாட்டுப் புரதங்களையும் சேருங்கள்.

கெரட்டின்

பட்டியலில் இந்தப் புரதம் வந்தால் அது உங்கள் தோலிலிருந்து வந்தது. நீக்கிவிடுங்கள்.

டாட்டோடு வரும் எண்டோடாக்சின்

எண்டோடாக்சின் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் நச்சு. பாக்டீரியாவில் தயாரித்த டாட்டில் இது ஒட்டிக்கொண்டு வரும். மைக்ரோக்ளியா இதற்கே சீறும். கொஞ்சம் டாட்டைக் கொதிக்க வைத்துக் ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோலாக விடுங்கள். டாட் கெட்டுவிடும், எண்டோடாக்சின் கெடாது.

எந்த வகை வைரஸ்?

இந்தியாவில் பரவலாக இருப்பது சி வகை. அதன் டாட்டில் 31ஆம் இடத்தில் பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் இருக்கிறது. பி வகை டாட்டை வாங்கி வந்து சோதித்துவிட்டு, நம் ஊர் நோயாளிகளின் மூளையைப் பற்றி எழுதாதீர்கள்.