ஆறு குட்டி உருப்படி, ஐந்து குழல், ஒரு செட்டிநாட்டு வீடு

ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1953-இல் முடித்த ‘ஆறு பகடெல்’ மொத்தமே பன்னிரண்டு நிமிடம்தான். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் என்று ஐந்து பேர் ஊதினால் போதும். மைக் கூடத் தேவையில்லை. பகடெல் என்றால் அற்ப விஷயம் என்று அர்த்தம். இதைக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் வாசிக்க வைத்தோம். அற்ப விஷயத்தில் இத்தனை தப்பு நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பெரிய தப்பு, இடம். முகப்பை ஒட்டிய ஹாலில் கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முகம் பார்க்கலாம் போன்ற சுண்ணாம்புப் பூச்சு. ஒரு தட்டு தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் போய் வருகிறது. ஆலாபனைக்கு அது சுகம். இதுவோ பொரி தெறிப்பது போன்ற துண்டுச் சுரங்கள். ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்து எல்லாம் குழைந்த சாதம் ஆகிவிட்டது. சரி என்று வளவு முற்றத்துக்குப் போனால், பாதி சத்தம் வானத்துக்கே போனது. திரும்ப ஹாலுக்கே வந்து, ஜமக்காளம் விரித்து, பந்திப் பாய்களைச் சுவரோரம் சாய்த்து, ஆட்களை நெருக்கி உட்கார வைத்த பிறகுதான் ஒவ்வொரு குழலும் தனியாகக் கேட்டது.

மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். தாள் பறக்கும்.

தாளம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்காவது உருப்படி ஏழு எண்ணிக்கை. உடனே தொடையில் நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு விழும். அது தகிட தகதிமி, மூன்றும் நான்கும். இங்கே தகதிமி தகிட, நான்கும் மூன்றும். இரண்டு, இரண்டு, மூன்று என்று போகும் பல்கேரிய நடை. பக்கத்தில் இருந்தவர் கடைசி வரை தலைகீழாகவே போட்டார். ராகம் தேடுவதும் வீண். முதல் உருப்படியில் இருப்பது நாலே சுரம்: ச, ப, நடுவே இரண்டு காந்தாரம், அதாவது சின்ன ‘க’வும் பெரிய ‘க’வும். அந்த இரண்டும் ஒன்றையொன்று சீண்டுவதுதான் வேடிக்கை. சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், கச்சேரி என்று பவ்யமாக விறைத்து உட்கார வேண்டாம். கைதட்டலை மட்டும் கடைசிக்கு வையுங்கள். ஐந்தாவது, இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான பார்டோக் நினைவாக எழுதியது. அது முடிந்ததும் வரும் மௌனத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், நேரமாகிறது, ஆறாவதை விட்டுவிடலாமா என்றார் வீட்டுக்காரர். 1956-இல் புடாபெஸ்டில் அப்படித்தான் ஐந்தோடு நிறுத்தினார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றாக ஒலித்து உரசும் சத்தம் ஆறாவதில் அதிகம். அன்றைய ஹங்கேரியக் கம்யூனிஸ்ட் அரசுக்கு அது ஆகவில்லை. ஆறும் சேர்ந்து ஒலிக்க 1969 ஆனது, அதுவும் ஸ்வீடனில். “பணியாரம் ஆறிப்போகுமே” என்று உள்ளேயிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். ஆறட்டும் ஆச்சி என்று சொல்லிவிட்டு ஆறாவதையும் வாசிக்கச் சொன்னோம்.